பின்னேரப் பள்ளிக்கூடத்து ஆறாவது ஆள்

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த தமிழ்நாட்டுத் தம்பிதான் இதற்கெல்லாம் தொடக்கம். அந்தப் பிள்ளையை நான் அந்த நாளிலேயே மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எழுத இருந்தால் திரும்பவும் ஆத்திரம் வருகிறது.

நல்ல பிள்ளை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஒஸ்லோவுக்கு வந்தவர், அதற்கு முன்னர் அமெரிக்காவில் படித்தவர். மோர்டென்ஸ்ருட்டில் பாதாள ரயில் போய் முடிகிற இடத்துக்குக் கிட்ட, ஒரே மாதிரியான அடுக்குமாடி வரிசையில் நாங்கள் மேலே, அவர் கீழே. பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் மனிசருக்குச் செய்ய என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வீடியோ பார்க்கிறது அப்போதுதான் புதிசு. அவர் என் கணவரைக் கூப்பிட்டு வைத்து, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையில் நடக்கிற பாஸ்கற்போல் போட்டிகளைப் போட்டுக் காட்டத் தொடங்கினார்.

முழு ஆட்டமும் இல்லை, கடைசி நிமிஷங்கள் மட்டும். ஒரு பக்கம் பேர்பெற்ற பெரிய கல்லூரி. மற்றப் பக்கம் எவரும் கேள்விப்படாத ஊரில் இருக்கிற சின்னக் கல்லூரி. அந்தச் சின்னக் கல்லூரியின் மாற்று ஆட்கள் குந்தியிருக்கிற நீட்டு வாங்கில் வருஷம் முழுக்கத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இருந்த ஒரு பெடியன், யாருக்கோ கால் பிரண்டதால் உள்ளே போவான். பந்து எப்படியோ அவன் கையில் வரும். தூரத்தில் நின்று எறிவான். விழும். உடனே முகத்தில் சாயம் பூசிய சனமெல்லாம் ஓவென்று அழும். ஒவ்வொரு வருஷமும் இப்படி ஒருத்தன் எங்கிருந்தோ வந்துவிடுவான், அவன் யாரென்று முதல் நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது, அவனுக்காகத்தான் சனங்கள் பார்ப்பதே என்று தம்பி விளக்கம் சொன்னார்.

இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். என் கணவரை நான் இவர் என்றுதான் சொல்கிறது, இதிலும் அப்படியே இருக்கட்டும். ஒரு நாள் நானும் கீழே போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்கும் எழும்பி வர மனம் வரவில்லை. கெட்டிக்காரன் என்று முதலே தெரிந்தவன் வென்றால் கையைத் தட்டிவிட்டு எழும்பி வந்துவிடுவோம். வாங்கில் இருந்தவன் வென்றால் விடமுடிகிறதில்லை. ஏனென்றால் எல்லோரும் எங்கேயோ ஒரு வாங்கில்தானே இருக்கிறோம். ஆனால் என் புத்தி எப்போதும் குறுக்கால்தான் போகும். அந்தப் பெடியனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தம்பியைக் கேட்டேன்.

"அது தெரியலையேக்கா," என்றார். "அதுக்கப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க."

இவருக்கு அது காதில் ஏறவில்லை. அடுத்த வீடியோவைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இவர் படித்தது கடற்கரைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கல்லூரி என்ற பேர்கூட அதற்கு இல்லை. சண்டை வந்து ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கல்லூரி தன் கட்டடத்தை இவர்களுக்குப் பின்னேரத்தில் கொடுத்தது. காலமை அவர்களுடைய வகுப்பு, அவர்கள் போன பிறகு இவர்களுடைய வகுப்பு. கதிரை மேசை பாவிக்கலாம், மற்ற ஒன்றிலும் கை வைக்கக்கூடாது என்று இவர்களுடைய அதிபரே கட்டளை போட்டிருந்தாராம். அந்தக் கல்லூரியில் சீமெந்துத் தரையும் இரண்டு வளையமுமாக ஒரு பாஸ்கற்போல் மைதானம் இருந்தது. இவர்கள் வகுப்பில் இருக்கிற நேரத்தில்தான் கல்லூரியின் அணி பயிற்சி எடுக்கும். பந்து உருண்டு வகுப்பு வாசலுக்கு வந்தால்கூட எடுத்துக் கொடுக்கப் பயம். இவர் சன்னல் பக்கம் இருந்து பார்த்தே அங்கே படித்த இரண்டு வருஷமும் போனது.

பந்தைத் தொட்டது நோர்வேக்கு வந்த பிறகுதான். முதலில் வடக்கே ஒரு மீன் ஆலையில் வேலை. வேலை முடிந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் தனியே நின்று வளையத்துக்குள் பந்து எறிவாராம். கூட விளையாட ஒருத்தரும் இல்லை. தனியே எறிந்து பழகியதால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பந்து கைக்கு வந்ததும் காலை ஊன்றி, இரண்டு தரம் நிலத்தில் தட்டி, ஒரு மூச்சு எடுத்துத்தான் எறிவார். அப்படி எறிந்தால் அநேகமாக விழும். ஆனால் ஆட்டத்தில் அப்படி எறிய யார் விடுவான்?

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களுக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லாமல் சோறு இறங்காது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு பொன்னாடை. பனிக்காலத்தில் வெளியில் ஒன்றும் செய்ய ஏலாதென்று, சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்துப் பாஸ்கற்போல் போட்டி நடத்துவார்கள். நாற்பது வயதுத் தொப்பைகள் எல்லாம் கல்லூரியின் நிறத்தில் பெனியன் போட்டு ஓடுகிற கண்கொள்ளாக் காட்சி. கட்டடம் தந்த அந்தப் பெரிய கல்லூரியின் சங்கத் தலைவர் எங்களைக் கண்டால், "வாங்கோ, பின்னேரப் பள்ளிக்கூடத்து ஆக்கள்," என்றுதான் வரவேற்பார். பகிடியாகத்தான் சொல்வார். இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, மண்டபத்தின் மூலையில் அடுக்கிக் கிடக்கிற கதிரைகளைப் பிரித்துப் போடப் போவார். எந்தச் சங்கத்தின் விழா என்றாலும் கதிரை போடுகிறதும் அடுக்குகிறதும் இவர்தான். பேக்கரியில் விடியப்புறம் தொடங்கி மாவு மூட்டை தூக்குகிற மனிசனுக்கு அது ஒரு பாரமாகத் தெரியவில்லையோ என்னவோ. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி வீடியோ காட்டிய அந்தப் பனிக்காலத்தில் பின்னேரப் பள்ளிக்கூடமும் போட்டியில் இறங்குகிறது என்று இவருடைய சிநேகிதர் ஒருவர் அறிவித்துவிட்டார். அவர் தக்சி ஓட்டுகிறவர். அறிவித்தவரே கப்டன். ஒஸ்லோவில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்கள் மொத்தமே ஆறு பேர். ஐந்து பேர் விளையாட, ஆறாவது ஆள் வாங்கில் இருக்கவேண்டும் என்பது போட்டி விதி. ஆறாவது ஆள் இவர். பெனியனில் ஆறு என்றே அடித்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கீழே தம்பியிடம் காட்டப் போனார். தம்பி என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? வாங்கில் இருக்கிறவனைத்தான் அண்ணா கவனிக்கவேண்டும் என்றார். படுபாவி.

நான் தடுத்திருக்க ஏலாதா என்று கேட்கலாம். எதைச் சொல்லித் தடுக்கிறது? ஆசைப்படாதேங்கோ என்று ஒரு மனிசனுக்கு எப்படிச் சொல்கிறது? வேலையால் வந்த களைப்போடு கூடத்தில் நின்று, பந்து இல்லாத கையை மேலே தூக்கி எறிந்து பார்க்கிறார். சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டு வெங்காயம் வெட்டினேன்.

இதில் எனக்கும் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் மகள் பகுதிக் கிளப்பில் பாஸ்கற்போல் விளையாடுகிறவள். இந்த நாட்டில் பிள்ளை கிளப்பில் சேர்ந்தால் பெற்றோரும் முறை வைத்து டுக்னாட் செய்யவேண்டும், சம்பளம் இல்லாத பொதுவேலை. சிலர் கேக் சுட்டுக் கொடுப்பார்கள். என்னைப் பிடித்து மணிக்கூட்டு மேசையில் இருத்திவிட்டார்கள். நடுவர் விசில் ஊதினால் நேரத்தை நிறுத்த வேண்டும், பந்து உள்ளே வந்தால் ஓட விட வேண்டும். நேரம் முடிந்தால் சங்கு தானாகவே அலறும். அதற்கு ஒரு வகுப்பும் வைத்தார்கள். படிப்பித்த நோர்வேக்காரி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா. மேசையில் இருக்கிறவர் கத்தக்கூடாது, கை தட்டக்கூடாது, விளையாடுகிறவருக்கு ஒன்றும் சொல்லக்கூடாது. நடுவர் கேட்டால் மட்டும் கண்டதைச் சொல்லவேண்டும். "மேசையில் இருக்கிறவருக்குப் பிள்ளை இல்லை," என்றா. எனக்கு அது பிடித்திருந்தது. புருஷனைப் பற்றி அவ ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அந்த மணிக்கூட்டை இயக்கத் தெரிந்த தமிழாள் நான் ஒருத்திதான் என்று சங்கங்களுக்குத் தெரிந்து போயிற்று. கேட்டார்கள், ஓம் என்றேன். எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே வெளியே போய்விடும், பிறகு எனக்கென்ன என்று நினைத்தேன்.

போகவில்லை. ஹவுகெட்டோப் பக்கம் இருந்த அந்த மண்டபத்தில் அன்று நடந்ததெல்லாம் தலைகீழ். பேர்கனில் இருந்து வரவேண்டிய அணி மலைப்பாதையில் பனி கொட்டி நடுவழியில் நின்றுவிட்டது. விளையாடாமலே எங்களுக்கு வெற்றி. அடுத்த ஆட்டத்துக்கு முன்னர் மத்தியானச் சாப்பாடு. உலகத்தில் எந்த நாட்டுக்காரனாவது அரையிறுதிக்கு முன்னர் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போடுவானா? எங்கள் ஆட்கள் போட்டார்கள். எதிரணி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டது. எங்கள் கப்டனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று தன் அணிக்கு பால் விடாத பிளேன் ரீ மட்டும் குடிக்கச் சொல்லிவிட்டார். எதிரணி ஓடமுடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர்கள் வென்றார்கள். அந்த ஆட்டத்திலும் இவர் வாங்கில்தான். தோளில் ஒரு துவாய் போட்டிருந்தார். துவாயைக் கண்டதும் கீழ்வீட்டு வீடியோதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இறுதி ஆட்டம் யாரோடு? வேறு யார், அந்தப் பெரிய கல்லூரியோடுதான்.

மண்டபம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. தோற்றுப்போன கல்லூரிக்காரர், பேர்கன் ஆட்களுக்காக வந்த உறவினர், தேத்தண்ணி ஊற்றிய பெண்டுகள் எல்லோரும் பின்னேரப் பள்ளிக்கூடத்துக்குக் கை தட்டினார்கள். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதென்றுகூட அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அதற்காகத்தான் தட்டினார்கள். கீழ்வீட்டுத் தம்பியும் வந்து முன்வரிசையில் இருந்தார். எனக்குப் பக்கத்தில் புள்ளி எழுதுகிற ஓர் அக்கா இருந்தா. அவவுக்கு வாசலில் வடை வந்துவிட்டதா என்ற யோசனைதான்.

நடுவர்கள் இரண்டு பேர் வரவேண்டியது, ஒருவர் சுகமில்லாமல் நின்றுவிட்டார். படிக்கிற வயது நோர்வேப் பெடியன் ஒருவன்தான் தனியே இரண்டு பக்கமும் ஓடினான். ஆட்டம் கடைசி நிமிஷத்துக்கு வந்தபோது ஒரே ஒரு புள்ளியால் நாங்கள் பின்னுக்கு. அப்போது கப்டனுக்கு ஐந்தாவது பிழை விழுந்தது. ஐந்து பிழை விட்டவர் வெளியே போகவேண்டும். பெரிய கல்லூரிக்குக் கிடைத்த இலவச எறிகள் இரண்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. கப்டன் துவாயை வாங்கிக்கொண்டார். ஆறாம் இலக்கம் உள்ளே போனது.

நான் மணிக்கூட்டில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், விடு என்றால் விட வேண்டும். முழு நேரமும் என் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் ஒரு துளியைக்கூட எடுத்து இவருக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

கடைசிச் செக்கன்களில் பந்து எங்கள் ஆட்களிடம் வந்தது. எதிரணி மற்ற நாலு பேரையும் மொய்த்துக்கொண்டு நின்றது. இவரை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மூலையில் தனியே நின்றார். வேறு வழியில்லாமல் ஒருவர் பந்தை இவரிடம் எறிந்தார். மண்டபமே எழும்பி நின்றது. இவருக்கு முன்னால் ஒரு குருவி இல்லை. எறியுங்கோ, எறியுங்கோ என்று எனக்குள் அலறுகிறேன், வாய் திறக்கக்கூடாது. இவர் காலை ஊன்றினார். பந்தை நிலத்தில் தட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது. இன்னொரு தரமும் தட்டினார். வடக்கே அந்த வெறும் மண்டபத்தில் தனியே நிற்கிறவர் போலவே நின்று ஒரு மூச்சு எடுத்தார். கையைத் தூக்கினார். சங்கு அலறியது. அலறிய பிறகுதான் பந்து கையை விட்டது.

வளையத்தில் ஒட்டாமல், வலை மட்டும் அசைய, அவ்வளவு வடிவாக விழுந்தது. அதை மட்டும் நான் எங்கே வேண்டுமென்றாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு நடந்ததை ஒருவராலும் மறிக்க முடியவில்லை. சனம் உள்ளே பாய்ந்தது. சங்கு எப்போது கேட்டது, பந்து எப்போது போனது என்று யாருக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில். கப்டன் அழுகிறார். தம்பி துள்ளிக் குதிக்கிறார். நாலு பேர் சேர்ந்து இவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. மேலே இருந்துகொண்டு சனத்துக்குள் என்னைத் தேடினார், கண்டார், என் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். சந்தோஷத்தில் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் நடுவர்ப் பெடியன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். எறிந்தவருக்கும் தனக்கும் இடையில் ஆட்கள் நின்றதால் சரியாகக் காணவில்லை என்றான். சங்கு கேட்டபோது பந்து எங்கே இருந்தது என்று மரியாதையாகக் கேட்டான். புள்ளி எழுதுகிற அக்காவைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று அவ தலையை ஆட்டினா. பெரிய கல்லூரியின் தலைவரும் மேசைக்கு வந்துவிட்டார். அவருக்கு நான் யாருடைய மனிசி என்று தெரியும். பெடியனுக்குத் தெரியாது.

"கையில் இருந்தது," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

பெடியன் திரும்பி, இரண்டு கையையும் முன்னால் குறுக்கே வீசிக் காட்டினான். புள்ளி இல்லை.

இவரைத் தூக்கி வைத்திருந்த நாலு பேரில் வலப்பக்கத்து ஆட்கள் அதை முதலில் கண்டார்கள். அவர்கள் கையை விட்டுவிட்டார்கள். இடப்பக்கத்து ஆட்கள் இன்னும் காணாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். இவர் ஒருபக்கமாகச் சரிந்து, ஒருவருடைய கழுத்தைப் பிடித்து, பெனியன் மேலே இழுபட்டு வயிறு தெரிய, நிலத்துக்கு வந்து சேர்ந்தார். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், அப்படி விழுந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் மேசையில் இருந்தேன். எழும்பிப் போகக்கூடாது, ஆட்டத் தாளில் கையெழுத்து வைக்குமட்டும் மேசையை விடக்கூடாது.

பெரிய கல்லூரித் தலைவர் போய் இவருடைய கையைக் குலுக்கினார். "பின்னேரப் பள்ளிக்கூடம் எண்டா கொஞ்சம் பிந்தித்தானே வரும்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம்பி என் பக்கம் வரவே இல்லை. சனத்துக்கும் அலுத்துவிட்டது, வடை வந்துவிட்டது.

பொன்னாடையும் கேடயமும் முடிந்த பிறகு, ஆறாம் இலக்கப் பெனியனோடேயே இவர் கதிரைகளை மடித்து மூலையில் அடுக்கத் தொடங்கினார். அடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. விடுங்கோ என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் போய் மற்றப் பக்கத்தில் இருந்து மடித்தேன்.

கப்டனின் தக்சியில் சட்டி பானை நிரம்பியிருந்ததால் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம். பேசுவார், ஏசுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏசினால் திருப்பி ஏச என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. கையில் இருந்ததை இல்லை என்று சொல்லவா? அந்தத் தலைவர் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரியமாட்டாரா, மனிசி மேசையில் இருந்து வெல்ல வைத்தா என்று? பந்தை ஏன் இரண்டு தரம் தட்டினீர்கள்? எல்லாம் நாக்கின் நுனியில் நின்றது. இவர் சன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்து முடித்தார். பிறகு, சங்கு கேட்டபோது பந்து தன் கையில்தான் இருந்தது, அது தனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னார். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை," என்றார். "அவங்கள் என்னை இறக்கி விடுமட்டும் நீர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மேலை இருந்து உமக்குக் கையைக் காட்டினனான், பொறும் எண்டு."

நான் அந்தக் கையைக் கண்டேன் என்று இவருக்குச் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன்.